பழைய கார் திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை: புது பேட்டரி போட்டும் 'டக்' சத்தம் மட்டும்தான் வருகிறது

சாம்பல்செடான்

வணக்கம். நான்கு நாளாக ஒரு காரோடு போராடிக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

கார் 24 வருடம் பழையது. பெட்ரோல், 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். மீட்டரில் 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிதான், ஆனால் ஆக்ஸிலரேட்டர் இன்னும் கேபிளில் இழுக்கிற வகை. அப்பா புதிதாக வாங்கிய கார். பக்கவாதம் வந்த பிறகு அவர் ஓட்டுவதில்லை. நான் ஓட்டுகிறேன், அவர் முன்சீட்டில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். வாரத்துக்கு இரண்டு நாள் அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போக இதை விட்டால் எனக்கு வேறு வண்டி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள்ளே 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் அசையவே இல்லை. மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு 'டக்'. இரண்டு பேர் தள்ளினார்கள், இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் உடனே பிடித்துக்கொண்டது. அதன் பிறகு வழியில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

இதுவரை செய்தவை:

பேட்டரி நான்கு வருடம் ஆகிவிட்டதால் முதலில் அதை மாற்றினேன். புது பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது 14.1. அடுத்து செல்ஃப் மோட்டாரை, அதாவது ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரை, கழற்றிக் கொடுத்தேன். கார்பன் பிரஷ், புஷ் இரண்டும் புதிதாகப் போட்டு, சொலினாய்டின் (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகளையும் சுத்தம் செய்து தந்தார்கள். மேசையில் வைத்து ஓட்டியபோது நன்றாகவே சுற்றியது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காரில் மாட்டிய அன்று மாலை இரண்டு முறை ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை பழையபடி 'டக்'.

பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றித் தேய்த்து இறுக்கிவிட்டேன். எர்த் வயர் பாடியில் பிடிக்கும் போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. மல்டிமீட்டரில் ஓம் வைத்து பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் இடையே பார்த்தேன், 0.3 காட்டியது. அதனால் எர்த் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்குச் சம்பந்தம் இல்லாத இன்னொரு விஷயம், ஒரேயடியாகக் கேட்டுவிடுகிறேன். இரண்டு வாரமாக ஆக்ஸிலரேட்டர் பெடல் கொஞ்சம் கனமாக இருக்கிறது. கேபிளுக்கு எண்ணெய் விட்டால் போதுமா?

அடுத்து எதை மாற்றுவது? சாவி சுவிட்சா?


இரண்டாம்கியர்

'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் எங்கள் பட்டறையில் முதலில் செல்ஃபைத்தான் பிடிப்போம். நீங்கள் அதைச் சரி செய்துவிட்டீர்கள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மேசையில் சுமை இல்லாமல் சுற்றுவது வேறு, நான்கு சிலிண்டரின் அமுக்கத்தை எதிர்த்து எஞ்சினைச் சுற்றுவது வேறு. மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகும்போது செல்ஃபின் உடம்பில் ஸ்பேனரால் லேசாக இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். அப்போது எடுத்தால் செல்ஃபில் இன்னும் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

சாவி சுவிட்சாக இருக்க வாய்ப்புக் குறைவு. சுவிட்சிலிருந்து மின்சாரம் வரவே இல்லை என்றால் 'டக்' சத்தமே கேட்காது.


ஒயர்மேன்

அம்மா, தயவுசெய்து இனி எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். கேபிளுக்கு எண்ணெயும் விடாதீர்கள். நான் 31 வருடம் வண்டி வயரிங் வேலை செய்தவன். நீங்கள் 'சம்பந்தம் இல்லாத விஷயம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது.

முதலில் அந்த 0.3 ஓம் கணக்கைப் பார்ப்போம். உங்கள் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், அப்போதும் 0.2 அல்லது 0.3 காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. அதற்குக் கீழே இருப்பதை அந்த மீட்டரால் பார்க்க முடியாது. ஆனால் செல்ஃபுக்கு அதற்குக் கீழே இருப்பதுதான் முக்கியம். சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற 150 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்காவது 0.04 ஓம் தடை இருந்தால் 150-ஐ 0.04-ஆல் பெருக்குங்கள்: 6 வோல்ட். பேட்டரி கொடுக்கும் வோல்ட்டில் பாதி அந்த ஒரு இடத்திலேயே சூடாகப் போய்விடும். மீட்டருக்குக் கண்ணில் படாத தடை, செல்ஃபை நிறுத்திவிடும்.

அதனால்தான் நின்ற நிலையில் எடுக்கிற அளவை நான் நம்புவதில்லை. ஒரு தடித்த எர்த் பட்டையில் நூறு இழை அறுந்து மூன்று இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 'சரி' என்றுதான் சொல்லும். மீட்டர் கேட்பது மிகச் சொற்ப மின்சாரம், அதற்கு மூன்று இழை தாராளம். வேலை நடக்கும்போது, அதாவது சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது அளக்க வேண்டும்.

அடுத்தது, தள்ளினால் ஏன் எடுத்தது? எஞ்சின் ஓட ஸ்பார்க்குக்கும் இன்ஜெக்டருக்கும் சில ஆம்பியர் போதும். அதே 0.04 ஓம் வழியாக ஐந்து ஆம்பியர் போனால் இழப்பு 0.2 வோல்ட்தான். அவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செல்ஃப் ஒன்றுதான் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது பெடலுக்கு வருகிறேன். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் பாடிக்குப் போகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் பாடிக்கும் எஞ்சினுக்கும் (அல்லது கியர்பாக்ஸுக்கும்) இடையே தனியாக ஒரு எர்த் பட்டை இருக்கும். அந்தப் பட்டை போய்விட்டால் செல்ஃபின் மின்சாரம் திரும்பி வர வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற உலோகம் வேறு என்ன இருக்கிறது? ஆக்ஸிலரேட்டர் கேபிள். சில வண்டியில் கிளட்ச் கேபிள், கியர் கேபிள். அந்த மெல்லிய இரும்புக் கம்பி வழியாகப் பெரிய மின்சாரம் பாய்ந்தால் கம்பி சுடும், அதன் உறைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகி ஒட்டும், பெடல் கனக்கும். கேபிளிலிருந்து புகை வந்த வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. இரவில் ஓட்டும்போது ஹெட்லைட் போட்டவுடன் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் மேலே ஏறுகிறதா? யோசித்துச் சொல்லுங்கள்.

நாளை இப்படிச் செய்யுங்கள். கியர் நியூட்ரல், கை பிரேக் போட்டிருக்க வேண்டும். தொங்கும் துணி, அவிழ்ந்த முடி எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பி இரண்டு வினாடி பிடிக்க வேண்டும், அந்த இரண்டு வினாடியில் நீங்கள் முள்முனைகளை அழுத்திப் பிடித்து அளவைப் படிக்க வேண்டும். நான்கு அளவுகள்:

பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலிருந்து நெகட்டிவ் ஈயக் குமிழுக்கு. கிளிப்பில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே வையுங்கள்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃபில் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டுக்கு. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த போல்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஸ்பேனர் எதுவும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினின் வெறும் உலோகத்துக்கு. பெயின்ட் இல்லாத இடம், துரு இல்லாத போல்ட் தலை. நல்ல வண்டியில் 0.2 வரும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எனக்குப் பிடிக்காது.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு.

ஒவ்வொரு அளவுக்கும் நடுவே அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், சுட்டுவிடும்.


இரண்டாம்கியர்

ஐயா, டெம்பரேச்சர் முள்ளுக்கும் எர்த்துக்கும் என்ன தொடர்பு? எனக்குப் புதிதாக இருக்கிறது.


ஒயர்மேன்

பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் சென்சாருக்குத் தனி எர்த் வயர் கிடையாது தம்பி. எஞ்சினில் திருகி வைத்திருப்பார்கள், எஞ்சினே அதன் எர்த். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் கொடுப்பது ஆல்டர்நேட்டர், அது எஞ்சினில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட்டுக்குப் போன மின்சாரம் பாடி வழியாக ஆல்டர்நேட்டருக்குத் திரும்ப வேண்டும், அதாவது அதே எர்த் பட்டையைத் தாண்ட வேண்டும். பட்டையில் தடை இருந்தால் பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு வோல்ட் வித்தியாசம் உண்டாகும். முள்ளின் வழியாகக் கூடுதல் மின்சாரம் ஓடும், முள் ஏறும். எஞ்சின் சூடாகவில்லை, கணக்குதான் கெட்டுவிட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று மாற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு.


சாம்பல்செடான்

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். நான் முள்ளைக் கவனித்ததே இல்லை. அவர் கவனித்திருக்கிறார். "ஒரு மாதமாகவே லைட் போட்டால் முள் ஒரு கோடு ஏறுகிறது, நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை" என்றார்.

இன்று காலை அளந்தேன். அப்பா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து நல்ல கையால் சாவியைத் திருப்பினார். நான் "ம்" என்றதும் திருப்பி, "ஒன்று, இரண்டு" என்று சத்தமாக எண்ணி விட்டுவிடுவார். நோய் வந்த பிறகு அவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

வண்டியும் இன்று ஒத்துழைத்தது, அதாவது ஒரு முறைகூட ஸ்டார்ட் ஆகவில்லை. 'டக்' சத்தம் மட்டும்.

பேட்டரி குமிழுக்குக் குமிழ்: 11.1 வோல்ட்
பாசிட்டிவிலிருந்து செல்ஃப் போல்ட்: 0.3
நெகட்டிவிலிருந்து எஞ்சின்: 6.2
நெகட்டிவிலிருந்து பாடி: 0.1

6.2 என்பதை நம்பாமல் மூன்று முறை எடுத்தேன். 6.2, 6.3, 6.2.


ஒயர்மேன்

அருமை. மூன்று முறை எடுத்தது இன்னும் அருமை.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். பேட்டரி கொடுத்தது 11.1. போகிற வழியில் 0.3 போயிற்று. திரும்புகிற வழியில் 6.2 போயிற்று. பாவம், செல்ஃபுக்கு மிஞ்சியது 4.6 வோல்ட். சொலினாய்டை இழுத்துப் பிடிக்க அது போதும், அதுதான் உங்கள் 'டக்'. எஞ்சினைச் சுற்ற எப்படிப் போதும்? உங்கள் செல்ஃப் நல்ல செல்ஃப். பழைய பேட்டரியும்கூட நல்லதாகவே இருந்திருக்கலாம்.

நெகட்டிவிலிருந்து பாடி வரை 0.1தான். ஆகவே பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயர் சரி. நீங்கள் இறுக்கிப் பார்த்த போல்ட் அதுதான். கோளாறு பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஜம்பர் கேபிள் வைத்திருப்பீர்கள் அல்லவா? அதன் கறுப்புக் கம்பியை மட்டும் எடுத்து ஒரு முனையை எஞ்சினைத் தூக்குவதற்கென்று இருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டுங்கள், மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள். சிவப்புக் கம்பி வேண்டவே வேண்டாம், அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கேபிள் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத இடத்தில் கிடக்கட்டும். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது.

எடுத்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் அணைத்துவிடுங்கள். உள்ளே உருகிய ஆக்ஸிலரேட்டர் கேபிள் அழுத்திய இடத்திலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் புதிதாக மாற்றிய பிறகுதான் வண்டி சாலைக்கு வர வேண்டும்.


நீலஹேட்ச்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான். 21 வருடப் பழைய ஹேட்ச்பேக், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. சாயங்காலம் வந்து திருப்பினால் எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. நானும் எர்த் பட்டையை மாற்றட்டுமா?


ஒயர்மேன்

இல்லை தம்பி, உங்களுடையது வேறு நோய். செல்ஃப் சுற்றவில்லை என்பதும், சுற்றியும் பிடிக்கவில்லை என்பதும் இரண்டு தனித்தனிப் பாதை. 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் பாதிப் பேர் தவறான பாகத்தை மாற்றுகிறார்கள்.

உங்கள் வண்டியில் கோளாறு இருக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். சாயங்காலம் நன்றாக இருக்கும்போது பட்டறைக்குக் கொண்டுபோனால் யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டார்ட் ஆகாத அந்த மதியம் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டியில் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று வினாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்கும். அது கேட்கிறதா? அதே நேரத்தில் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறதா? செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் சிறிதாவது துடிக்கிறதா?

பம்ப் சத்தமும் இல்லை, எஞ்சின் விளக்கும் எரியவில்லை என்றால் மெயின் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்), அதன் ஃப்யூஸ், அல்லது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரம். விளக்கு எரிகிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் பம்ப் ரிலே, அல்லது பம்ப்பேதான். பம்ப் ஓடுகிறது, ஆர்.பி.எம். முள் செத்துக் கிடக்கிறது என்றால் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் விரிந்து தொடர்பு விடும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஆனால் எல்லா வண்டியிலும் செல்ஃப் சுற்றும்போது முள் துடிக்காது, வண்டி நன்றாக இருக்கும் நாளிலும் ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில், மூடிய கார், சாயங்காலம் சரியாகிறது என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றுவது ரிலேதான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ரிலேயின் உள்ளே ஈயப் பற்றில் வருடக்கணக்கில் சூடும் குளிருமாகப் பட்டு, மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல் விழும். ரிலேயின் மூடியைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த ஒரு பற்றை மறுபடி உருக்கி வைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.


நீலஹேட்ச்

நன்றி ஐயா. பம்ப் சத்தம் கேட்பதில்லை, அது நிச்சயம், எஞ்சின் விளக்கு நினைவில்லை. டைமிங் பெல்ட் அறுந்திருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.


ஒயர்மேன்

அறுந்த பெல்ட் சாயங்காலம் ஒட்டிக்கொள்ளாது தம்பி. அறுந்திருந்தால் செல்ஃப் சத்தமே மாறிவிடும். வழக்கமாக அமுக்கத்தின் தாளம் கேட்கும் அல்லவா, அது போய் ஒரே சீராக, வேகமாக, லேசாகச் சுற்றும். அப்படிக் கேட்டால் உடனே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும், வால்வு வளையும் வகை எஞ்சினாக இருக்கலாம்.

பம்ப் ரிலேயைக் கழற்றினால் அடியில் எண்கள் இருக்கும். 30-ம் 87-ம் பெரிய மின்சாரம் போகும் கால்கள், 85-ம் 86-ம் உள்ளே இருக்கும் காந்தச் சுருளின் கால்கள். ரிலே இருந்த இடத்தில் 30-க்கும் 87-க்கும் ஃப்யூஸ் வைத்த ஒரு சிறு வயரால் பாலம் போட்டால் பம்ப் ஓட வேண்டும். அப்படி ஓடினால் பம்ப் நல்லது. ஓடாவிட்டால் 30-இல் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மீட்டர் வேண்டாம், இழை பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப் எடுங்கள். பல்ப் எரிய மின்சாரம் வேண்டும், அதனால் அரைகுறைத் தொடர்பு அதில் மாட்டிக்கொள்ளும். சில தயாரிப்புகளில் வேறு எண் போட்டிருப்பார்கள், அப்படியென்றால் உங்கள் வண்டியின் வயரிங் படத்தைப் பார்க்காமல் பாலம் போடாதீர்கள். பாலத்தைச் சோதனை முடிந்ததும் எடுத்துவிடவும் வேண்டும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்ப்பும் தானாக நிற்க வேண்டும், பாலம் இருந்தால் அது நிற்காது.


சாம்பல்செடான்

எடுத்துவிட்டது!

கறுப்புக் கேபிளை மட்டும் மாட்டி அப்பாவைத் திருப்பச் சொன்னேன். அவர் 'ஒன்று' என்று சொல்லி முடிக்கவில்லை, எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. நீங்கள் சொன்னபடி உடனே அணைத்துவிட்டோம்.

பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு எர்த் பட்டையைத் தேடினேன். பேட்டரித் தட்டுக்குக் கீழே, கியர்பாக்ஸின் மேல் போல்ட்டிலிருந்து பாடியின் நீளச் சட்டத்துக்குப் போகிறது. மேலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரிகிறது, கறுப்பு ரப்பர் உறை போட்டிருக்கிறது. இரண்டு போல்ட்டும் இறுக்கம். ஆனால் உறையைப் பிடித்து லேசாக இழுத்ததும் கியர்பாக்ஸ் பக்கத்து முனை கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இழையெல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாக, தொட்டால் தூளாக உதிர்கிறது. பளபளப்பாக மிஞ்சியிருந்தவை நான்கைந்து இழைகள்தான். பேட்டரியிலிருந்து எப்போதோ வழிந்த அமிலம் அங்கே இறங்கியிருக்க வேண்டும், தட்டின் அடியிலும் பெயின்ட் உரிந்து துரு பிடித்திருக்கிறது.

இன்னொன்று. எஞ்சினின் பின்பக்கம், வால்வு மூடிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட் துளை காலியாக இருக்கிறது. அதற்கு நேரே பாடிச் சுவரிலும் ஒரு போல்ட் சும்மா திருகியிருக்கிறது, அதில் எதுவும் மாட்டியில்லை. அங்கே ஏதாவது இருந்திருக்குமா?


ஒயர்மேன்

அங்கே இரண்டாவது எர்த் பட்டை இருந்திருக்கிறது அம்மா. பல வண்டிகளில் இரண்டு கொடுத்திருப்பார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கட்டும் என்று. எப்போதோ எஞ்சின் வேலை செய்தபோது கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார். அன்றே வண்டி நின்றிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். மிஞ்சிய ஒற்றைப் பட்டை இத்தனை காலம் எல்லாப் பாரத்தையும் தாங்கியிருக்கிறது.

இரண்டையும் புதிதாகப் போடுங்கள். செல்ஃபுக்கு வரும் பாசிட்டிவ் வயர் எவ்வளவு தடிமனோ, கியர்பாக்ஸ் பட்டையும் அவ்வளவு தடிமனாக இருக்கட்டும். மின்சாரம் போகிற அளவுதானே திரும்பியும் வருகிறது. நீளத்தைச் சரியாக அளந்துவிட்டு, எஞ்சின் ஆடும்போது இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விடுங்கள். முனை உட்காரும் இடத்தை எமரித் தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள். பெயின்ட் மேல் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. இறுக்கிய பிறகு, முன்னால் அல்ல, மேலே கிரீஸ் அல்லது வாஸ்லைன் பூசுங்கள். ஈரம் உள்ளே போகாது. பேட்டரித் தட்டில் அமிலம் பட்ட இடத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காயவைத்து, பெயின்ட் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் புதுப் பட்டைக்கும் அதே கதிதான்.

முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டால் எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும், நிதானமாகப் படிக்கலாம். முதல் தடவை குழாயில் மிஞ்சிய பெட்ரோலில் கொஞ்சம் ஓடி நின்றுவிடும், பயப்படாதீர்கள். ஐந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்ற விடாதீர்கள்.


இரண்டாம்கியர்

நான் ஸ்பேனரால் தட்டச் சொன்னேன். நல்லவேளை, ஐயா வந்தார். எங்கள் பட்டறையில் இனி செல்ஃபைக் கழற்றும் முன் இந்த நான்கு அளவையும் எடுக்கச் சொல்லப் போகிறேன். செல்ஃபைக் கழற்றி மாட்ட எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இதற்குப் பத்து நிமிடம் போதும்.


சாம்பல்செடான்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆக்ஸிலரேட்டர் கேபிள் கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

பழைய கேபிளைக் கழற்றி உறையை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாகி, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. கம்பியை இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகர்கிறது. இந்தக் கேபிளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அப்பாவை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். எண்ணெய் விட்டு ஓட்டியிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. அந்த ஒரு வரியை நீங்கள் விடாமல் பிடித்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை ஐயா.

இரண்டு பட்டையும் போட்டாயிற்று. தட்டைக் கழுவிப் பெயின்ட் அடித்தாயிற்று. பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு அளந்தது:

பேட்டரி குமிழுக்குக் குமிழ், செல்ஃப் சுற்றும்போது: 10.6
பாசிட்டிவிலிருந்து செல்ஃப் போல்ட்: 0.3
நெகட்டிவிலிருந்து எஞ்சின்: 0.15

இந்த மூன்றையும் தேதி போட்டு, பானெட்டின் உட்பக்கம் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன்.

நீலஹேட்ச், உங்கள் ரிலே என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

நேற்று இருட்டிய பிறகு அப்பாவும் நானும் ஒரு சுற்று போய் வந்தோம். வழியில் மூன்று இடத்தில் வேண்டுமென்றே அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார், மூன்று முறையும் பாதித் திருப்பிலேயே எடுத்தது. ஹெட்லைட்டைப் போட்டு, அணைத்து, மறுபடி போடச் சொன்னார். டெம்பரேச்சர் முள்மேல் விரலை வைத்துக் காட்டினார். அது அசையவில்லை.